வீட்டுக்கு 650 மீட்டரில் காற்றாலை வருகிறது: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்பது?

மேற்குஜன்னல்:

வணக்கம். எங்கள் வீட்டுக்கு நேர் மேற்கே, சுமார் 650 மீட்டரில் காற்றாலைக்கு இடம் குறித்திருக்கிறார்கள். மொத்தம் 14 கோபுரங்கள். எனக்குப் பக்கத்தில் வருவது ஒன்றுதான். கோபுரம் 100 மீட்டர், இறக்கை ஒவ்வொன்றும் 60 மீட்டர் என்று அறிவிப்பில் போட்டிருக்கிறது. வருகிற வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம்.

நான் எதிர்க் கட்சி இல்லை. நாலு வருடமாகக் கூரையில் சோலார் வைத்திருக்கிறேன். நிலக்கரி குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் என்னைச் சுற்றி இரண்டு பேச்சுதான் ஓடுகிறது. ஒரு பக்கத்து வீட்டுக்காரர், காற்றாலை வந்தால் எல்லோருக்கும் நோய் வரும், பறவையெல்லாம் செத்துப்போகும் என்கிறார். இன்னொருவர், "பூமியைக் காப்பாற்றக் கொஞ்சம் சகித்துக்கொள்ளக் கூடாதா" என்று என்னைக் குற்றவாளிபோலப் பார்க்கிறார். அவர் வீடு அங்கிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அது வேறு விஷயம்.

அந்த மூன்று நிமிடத்தில் நான் என்ன கேட்டால் உபயோகமாக இருக்கும்? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

ஏணிக்காரன்:

அம்மா, நான் 19 வருடம் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தவன். அதில் முதல் 11 வருடம் தினமும் ஏணி ஏறினேன். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களையும் விட்டுவிடுங்கள். "காற்றாலை நல்லதா கெட்டதா" என்று கூட்டத்தில் கேட்டால், அதிகாரி தயாராக வைத்திருக்கும் பதிலை எடுத்துப் படிப்பார். அதில் தப்பும் இருக்காது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, கட்டுவது முதல் கழிப்பது வரை எல்லாம் சேர்த்து, நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயு, எரிவாயு 490, நிலத்தில் நிற்கும் காற்றாலை 11 என்று ஐபிசிசி என்ற ஐ.நா. காலநிலைக் குழுவின் 2014 அறிக்கையில் நடுமதிப்பு கொடுத்திருக்கிறார்கள். அந்த வாதம் முடிந்துபோன வாதம். நீங்கள் கேட்க வேண்டியது "இந்த 14 கோபுரத்தில் என் வீட்டுக்கு மேற்கே நிற்கப்போகிற அந்த ஒன்று என்ன செய்யும்" என்பதை.

மேற்கே என்று சொன்னீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். சத்தத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நிழலை யாரும் பேசமாட்டார்கள். சூரியன் சாயும்போது இறக்கையின் நிழல் ஒரு கிலோமீட்டருக்கு மேலேகூடப் போகும். உங்கள் இயந்திரம் நிமிடத்துக்கு 12 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இறக்கை, ஆக 36 தடவை அறைக்குள் வெளிச்சம் வெட்டி வெட்டி வரும். வருடம் முழுக்க இல்லை. சூரியன் சரியாக அந்தக் கோணத்தில் வருகிற சில வாரங்கள், நாளுக்கு இருபது முப்பது நிமிடம்.

நான் இதை ஒரு வீட்டில் நேரில் பார்த்தேன். புகார் வந்து மூன்று மாதம் கழித்துத்தான் என்னை அனுப்பினார்கள். வயதான அம்மா ஒருவர், சமையலறை ஜன்னலுக்குப் பழைய போர்வையை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார். "கொஞ்சம் இருங்க, அஞ்சே முக்காலுக்கு வரும்" என்றார். ரயிலுக்குக் காத்திருப்பதுபோல இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வந்தது. போர்வையை விலக்கினார். சுவர், பாத்திரம், அவர் கை எல்லாம் அணைந்து எரிந்தன. நான் நாலு நிமிடம் தாங்கினேன். அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டேன்.

சரிசெய்ய என்ன ஆயிற்று தெரியுமா? இயந்திரத்தின் கட்டுப்பாட்டு நிரலில் தேதி, நேரம், வெயில் அடிக்கிறதா என்று பார்க்கும் ஒரு சென்சார். அந்த நிமிடங்களில் இறக்கை தானாக நின்றுவிடும். வருடத்துக்குச் சில மணி நேர உற்பத்திதான் போகும். ஜெர்மனியில் ஒரு வீட்டின் மேல் நிழல் அதிகபட்சம் வருடத்துக்கு 30 மணி, நாளுக்கு 30 நிமிடம் என்று வைத்துத்தான் அனுமதி கொடுக்கிறார்கள். இதை முன்கூட்டியே கணிக்க மென்பொருள் இருக்கிறது, வீடு வீடாகத் தேதியோடு அட்டவணை வரும். அந்த அட்டவணையில் உங்கள் வீட்டு வரியைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் இதற்கு.

அடுத்து சத்தம். தூரத்திலிருந்து பார்த்தால் சோம்பேறித்தனமாகச் சுற்றுவதுபோல இருக்கும். 60 மீட்டர் இறக்கை, 12 சுற்று என்றால் நுனி போகிற வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர். அந்த நுனி காற்றைக் கிழிக்கிற ஓசைதான் உங்களுக்குக் கேட்கும் "உஷ்… உஷ்…". உங்கள் தூரத்தில் பெரும்பாலும் 40 டெசிபலுக்கு முன்னே பின்னே இருக்கும், பகலில் மற்ற சத்தத்தில் கரைந்துவிடும். வம்பு ராத்திரியில்தான். சில இரவுகளில் தரையில் இலை அசையாது, 100 மீட்டர் மேலே நல்ல காற்று ஓடும். ஊர் அமைதியாக இருக்கும், அது மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் "எத்தனை டெசிபல்" என்று கேட்காதீர்கள். "அந்த அளவு எந்த நேரத்தில், எந்தக் காற்றில், யார் எடுத்தது? ஓட ஆரம்பித்த பிறகு ராத்திரியில் மறுபடி எடுப்பீர்களா?" என்று கேளுங்கள்.

நோய் விஷயத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. கனடாவின் சுகாதாரத் துறை 2014-ல் காற்றாலைகளுக்கு அருகே 1,200-க்கும் மேற்பட்ட வீடுகளில் ஆய்வு செய்தது. நோய்க்கும் தூக்கக் கெடுதலுக்கும் காற்றாலைச் சத்தத்தோடு தொடர்பு தெரியவில்லை. ஆனால் சத்தம் கூடக் கூட மக்களுக்கு எரிச்சல் கூடியது. எரிச்சல் என்றால் சும்மா இல்லை அம்மா. அந்தப் போர்வை அம்மாவுக்கு எந்த நோயும் இல்லை.

பறவை: உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன், நானே பொறுக்கிப் போட்டிருக்கிறேன். எங்கே நடுகிறோம் என்பதில்தான் முக்கால்வாசி இருக்கிறது. கழுகு போகிற பாதையில் கொண்டுபோய் வைத்துவிட்டு அப்புறம் என்ன செய்தாலும் அரைகுறைதான். நார்வேயில் ஸ்மோலா என்ற இடத்தில் நாலு இயந்திரத்தில் ஒரு இறக்கைக்கு மட்டும் கறுப்புச் சாயம் அடித்துப் பார்த்தார்கள். பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நாலே நாலு இயந்திரம்தான், அதைவைத்து எல்லா ஊருக்கும் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம்.

மிச்சத்தை ராத்திரி எழுதுகிறேன். பேரன் கூப்பிடுகிறான்.

---

கணக்குப்பிள்ளை:

நிழல், பறவை எல்லாம் சரி ஐயா. அடிப்படைக் கேள்வியை விட்டுவிட்டீர்கள். 3 மெகாவாட் என்று பலகை மாட்டுவார்கள், மூன்றில் ஒரு பங்குகூட வராது. காற்று நின்றால் பூஜ்யம். அதற்குப் பின்னால் அனல் மின்நிலையம் நிற்கத்தான் வேண்டும். ஆக இரண்டு செலவு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016-ல் மாநிலமே இருண்டது காற்றாலையால்தானே? இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் தைரியம் கிடையாது. கேட்டால் நிலக்கரிக்காரன் என்று முத்திரை குத்துவார்கள்.

---

ஐம்பதுஹெர்ட்ஸ்:

கேட்கலாம், தாராளமாக. மின்தொகுப்புக் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி பார்க்கிறவன் நான், எங்களுக்கு இதுதான் தினசரிப் பேச்சு.

மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னது கிட்டத்தட்ட சரி. நிலத்துக் காற்றாலைக்கு இடத்தைப் பொறுத்து நாலில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரை. ஆனால் அது ஏமாற்று வேலை இல்லை. காற்றின் வேகம் பாதியானால் அதிலிருக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். விநாடிக்கு 10 மீட்டரில் அள்ளிக் கொடுக்கிற இயந்திரம் 5 மீட்டரில் சில்லறைதான் போடும். திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துதான் போடுகிறார்கள். 3 மெகாவாட் இயந்திரம் மூன்றில் ஒரு பங்கு ஓடினால் வருடத்துக்குச் சுமார் 87 லட்சம் யூனிட். மெகாவாட்டைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள்.

பின்னால் ஒன்று நிற்க வேண்டும் என்பதும் உண்மை. அதை மறைத்துப் பேசுகிறவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் நிற்கிற நிலையம் எரிகிற நிலையம் இல்லை. காற்று அடிக்கிற ராத்திரியில் நாங்கள் அனலைக் குறைக்கச் சொல்கிறோம், அந்த அளவு நிலக்கரி எரியாமல் மிஞ்சுகிறது. அனல் நிலையத்தை ஒரு அளவுக்குக் கீழே இறக்க முடியாது, மறுபடி ஏற்ற மணிக்கணக்காகும். அது காற்றாலையின் குறையா, அனலின் குறையா? எங்கள் அறையில் இதற்கு ஆளுக்கொரு பதில்.

2016 செப்டம்பர் 28: அன்று புயலில் உயர் அழுத்த மின்கம்பிக் கோபுரங்கள் இருபதுக்கு மேல் சாய்ந்தன. மின்னழுத்தம் அடுத்தடுத்துத் தள்ளாடியது. அந்தத் தள்ளாட்டத்தை இத்தனை தடவைக்கு மேல் தாங்கக் கூடாது என்று பல காற்றாலைகளில் ஒரு அமைப்பு வைத்திருந்தார்கள். அந்த எண்ணிக்கை தாண்டியதும் ஏழு விநாடிக்குள் சுமார் 450 மெகாவாட் உற்பத்தி இறங்கியது. பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் பாதையில் மொத்தச் சுமையும் விழுந்து, அதுவும் துண்டித்துக்கொண்டது. ஆக, காற்றாலைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் காற்று நின்றதால் இல்லை, யாரோ பதிந்துவைத்த ஒரு எண்ணால். அதை அப்புறம் மாற்றிவிட்டார்கள். அடுத்த வருடமே அதே மாநிலத்தில் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரியும் வைத்தார்கள். அதே நியாயத்தில் 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது காற்றாலையும் நின்றது, எரிவாயு அதைவிட அதிகமாக விழுந்தது. "எரிவாயு வேண்டாம்" என்று யாரும் ஊர்வலம் போகவில்லையே.

எனக்கு இருக்கிற பயம் வேறு. காற்றாலையைச் சீக்கிரம் நட்டுவிடுகிறார்கள், மின்பாதை பின்னால் ஆடி அசைந்து வருகிறது. கென்யாவில் துர்க்கானா ஏரிக்கரையில் 365 இயந்திரம், 310 மெகாவாட். 2017-ல் எல்லாம் நின்றுவிட்டன, மின்சாரம் வெளியே போனது 2018-ல்தான். அதுவரை நல்ல காற்றில் சும்மா நின்றன. மேற்குஜன்னல் அவர்களே, துணைமின் நிலையம் எங்கே, பாதை யார் நிலத்தின் வழியே வருகிறது, அது முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். சில சமயம் கோபுரத்தைவிட அந்தக் கம்பிதான் ஊரைச் சண்டைக்கு இழுக்கும்.

---

கணக்குப்பிள்ளை:

ஏழு விநாடி விஷயம் எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். இரண்டு செலவு என்பதை ஒத்துக்கொள்ளவில்லை, அதை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.

---

ஏணிக்காரன்:

தம்பி கணக்குப்பிள்ளை, சேமிப்பைப் பற்றி ஒரு சின்ன விஷயம். டென்மார்க்கில் பால் லா கூர் என்ற ஆசிரியர் 1891-லேயே காற்றாலையில் மின்சாரம் எடுத்தார். அதைவைத்துத் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனாகச் சேர்த்துவைத்து, சில வருடத்தில் பள்ளிக்கூட விளக்கையும் எரித்தார். காற்று நின்றால் என்ன செய்வது என்ற உங்கள் கேள்வி அவருக்கும் இருந்திருக்கிறது.

விட்ட இடத்துக்கு வருகிறேன். அம்மா, உங்களுக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இனிமேல்தான்.

ஒருநாள் காலையில் கட்டுப்பாட்டு அறைத் திரையில் எல்லா இயந்திரமும் பச்சை. அதாவது ஒரு கோளாறும் இல்லை. மாடு மேய்க்கிற ஒருவர் கேட்டுக்கு வந்து, "மூணாவது விசிலடிக்குது" என்றார். காவலாளி சிரித்து அனுப்பிவிட்டார். மறுநாளும் வந்தார். தற்செயலாக நான் வெளியே நின்றிருந்தேன், கூடப் போனேன். மேயும் இடத்தில் நின்று கண்ணை மூடச் சொன்னார். உஷ், உஷ், அப்புறம் மெல்லிசாக ஒரு ஊதல். மூன்று இறக்கையில் ஒன்றில் மட்டும். நிறுத்திவிட்டு, கயிற்றில் ஆள் தொங்கிப் பார்த்தபோது நுனிக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் முன்விளிம்பில் விரல் நீளத்துக்குப் பிளவு. விட்டிருந்தால் அந்தக் காற்றுக்காலத்திலேயே பிளேடு பிளந்திருக்கும். கண்ணாடி இழைத் துணி வைத்து, பிசின் பூசி, தேய்த்து, இரண்டு நாளில் சரியானது.

நிறுவனத்துக்கு அவரால் மிஞ்சியது ஒரு முழு இறக்கை. அவருக்குக் கிடைத்தது ஒரு டீ. நான்தான் வாங்கிக்கொடுத்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூட்டத்தில் வந்து பேசுகிற அதிகாரி அடுத்த வருடம் அங்கே இருக்கமாட்டார். இயந்திரம் இருபது இருபத்தைந்து வருடம் நிற்கும். விசில் அடித்தால், நிழல் விழுந்தால், பாதை உடைந்தால் யாருக்குப் போன் செய்வது? அவர் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால் இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? எழுத்தில் கேளுங்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல், முதல் போனை எடுக்காததால் பெரிதானவை.

அப்புறம் பங்கு. நிலம் குத்தகைக்குக் கொடுத்தவருக்கு வருடா வருடம் பணம், பக்கத்து வேலிக்காரருக்கு நிழல் மட்டும் என்றால் ஊர் இரண்டாகத்தான் போகும். டென்மார்க்கில் 2008-ல் ஒரு சட்டம் போட்டார்கள், நாலரை கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குக் குறைந்தது 20 சதவீதப் பங்கை விற்க முன்வர வேண்டும் என்று. பிற்பாடு அந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டார்கள், எல்லோராலும் பங்கு வாங்க முடியாதே. ஆனாலும் அந்தக் கேள்வியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள் பாருங்கள்.

கருத்துக் கேட்பு வெறும் சடங்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். பெரும்பாலும் சடங்குதான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் மிடில்குருண்டன் என்று ஒன்று இருக்கிறது. முதல் திட்டத்தில் மூன்று வரிசையில் 27 இயந்திரம். மக்கள் கருத்துக்குப் பிறகு 20 ஆக்கி, ஒரே வளைந்த வரிசையில் நட்டார்கள். 2000-ல் ஓட ஆரம்பித்தது. அதில் பத்து இயந்திரம் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள ஒரு கூட்டுறவுக்குச் சொந்தம்.

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்லவேண்டும். நார்வேயில் ஃபோசன் பகுதியில் கலைமான் மேய்க்கும் சாமி என்ற பழங்குடி மக்கள் வேண்டாம் வேண்டாம் என்றார்கள். கேட்காமல் கட்டினார்கள். 2021 அக்டோபரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அனுமதியே செல்லாது, அந்த மக்களின் உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் இயந்திரங்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன, தீர்ப்புக்குப் பிறகும் சுற்றின. அதுவும் பசுமை மின்சாரம்தான்.

கடைசியாக ஒன்று: ஆயுள் முடிந்ததும் பிரித்து எடுக்கும் செலவை யார், எந்தக் கணக்கில், இப்போதே போட்டுவைக்கிறார்கள்? இரும்பும் தாமிரமும் பழைய விலைக்குப் போய்விடும், அதை எடுக்க ஆள் வரிசையில் நிற்பார்கள். இறக்கை போகாது. கண்ணாடி இழையும் பிசினும் ஒட்டிக்கிடப்பதைப் பிரிக்க இன்னும் மலிவான வழி வரவில்லை. அடித்தளத்துக் கான்கிரீட்டும் அங்கேயேதான் கிடக்கும்.

---

மேற்குஜன்னல்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய்விட்டு வந்தேன்.

நோய் வரும் என்றாரே, அந்த நோய்க்காரர் பத்து நிமிடம் பேசினார், யாரும் தடுக்கவில்லை. எனக்கு இரண்டரை நிமிடத்தில் மணி அடித்தார்கள். நிழலைக் கேட்டேன். "அட்டவணை இருக்கிறது அம்மா" என்று அந்த இளைஞர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். வரைபடத்தில் வீடுகள் எல்லாம் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் எண், எண்ணுக்கு நேரே மணிக்கணக்கு. பாவம், ஆர்வமாகத்தான் காட்டினார். என் வீட்டைத் தேடினேன். வாய்க்கால் இருக்கிறது, பக்கத்து வீட்டுத் தொழுவம் இருக்கிறது, எங்கள் வீடு இருக்கும் இடத்தில் பச்சை. வீடு கட்டி ஒன்பது வருடமாகிறது. படம் அதற்கு முந்தியது.

"சேர்த்துவிடுகிறோம்" என்றார். பெயரும் போன் நம்பரும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். நான் அவர்கள் போன் நம்பர் கேட்டபோது பொதுவான ஒரு எண்ணைக் கொடுத்தார். இன்று காலை அதற்கு அடித்தேன், மணி போகிறது, எடுக்கவில்லை. ஏணிக்காரன் ஐயா, இனி என்ன செய்வது?

---

ஏணிக்காரன்:

துண்டுச்சீட்டு போதாது. இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள்: வீடு படத்தில் இல்லை, நிழல், சத்தம் இரண்டு கணக்கையும் என் வீட்டைச் சேர்த்து மறுபடி போட்டு எனக்கு நகல் தர வேண்டும். வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை போனிலேயே வரும், அதையும் எழுதுங்கள். மேற்கு ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அடி உயரம், எத்தனை அகலம் என்று அளந்து போடுங்கள், கணக்குக்கு அது வேண்டும். நிறுவனத்துக்கு ஒன்று, அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு ஒன்று. நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

அந்தப் பையனிடம் கோபப்படாதீர்கள். அப்புறம், உங்கள் தெருவில் ஒன்பது வருடத்துக்குள் கட்டிய வீடு வேறு எத்தனை இருக்கிறது என்று ஒரு நடை போய் எண்ணிவிட்டு வாருங்கள்.

---

மேற்குஜன்னல்:

எண்ணிவிட்டேன். பதினொன்று. அதில் ஒன்று அந்த நோய்க்காரர் வீடு.